கூரைக் கண்ணாடியும் நாலு துருசும்

ஐப்பசி மழை பிடித்து மூன்றாம் நாள் காலை அத்தான் ஜீப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். பக்கத்துச் சீற்றில் அக்கா இரண்டு காலையும் மேலே மடித்து வைத்துக்கொண்டு இருந்தா. கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. கால் வைக்கிற இடத்தில் காப்பெற்றை விரலால் அமத்தினால் தண்ணீர் மேலே வந்து நின்றது. நடுக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற லைற்றுப் பெட்டியின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, நான் பார்த்துக்கொண்டு நிற்கவே கியர் லீவரில் விழுந்தது.

“தம்பி, போன மாசந்தான் சிலிக்கன் அடிச்சுத் தந்தவங்கள். முந்திச் சொட்டினது, இப்ப ஊத்துது” என்றார் அத்தான்.

“கண்ணாடி பாதியிலை நிண்டு திரும்பிப் போறதையும் சொல்லுங்கோவன்” என்றா அக்கா.

ஆக வருத்தம் இரண்டு. கூரை ஒழுகுகிறது, கூரைக் கண்ணாடி ஓடும்போது இடையில் நின்று பின்வாங்குகிறது. எனக்கு நாளாந்தம் வருகிற வேலை லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷின், தண்ணீர் இறைக்கிற மெஷின், ஓட்டோ, வான் இவைதான். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டில் ஒரு சின்னப் பட்டறை. பனோரமிக் சன்றூப்பை, அதாவது கூரை முழுக்க இருக்கிற திறக்கும் கண்ணாடியை, பிரித்தது இதோடு மூன்றாவது தரம். மூன்றிலும் அடிப்படைக் குறை ஒன்றுதான், மூன்றிலும் எனக்கு முன்னால் கை வைத்தவர்கள் செய்த பிழையும் ஒன்றுதான். அதனால்தான் இந்த முறை ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தேன்.

வண்டியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஊரில் ஓடுகிற பழையதை விலை கூட்டி வாங்கினால்தான் உண்டு என்ற நிலை வந்ததே, அப்போது லீசிங்கில் எடுத்த வண்டி. புதுக்குடியிருப்பிலிருந்து கட்டுநாயக்கா எயார்போட்டுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஹயர் ஓடுகிறது. கூரை முழுக்கக் கண்ணாடி என்பதற்காகவே மாப்பிள்ளை வீட்டுக்காரர் அதைக் கேட்டு எடுப்பார்கள். மாதம் முடிந்தால் லீசிங் காசு கட்ட வேண்டும். வண்டி ஒரு கிழமை நின்றாலே அந்த வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம்.

முதலில் இந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியைச் சுற்றியிருக்கிற றப்பர் மழையை முழுதாக மறிக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. காற்றையும் சத்தத்தையும் பெரும்பகுதித் தண்ணீரையும் அது தடுக்கும், மிச்சத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்குகிற தண்ணீரை ஏந்துவதற்குக் கண்ணாடிக்குக் கீழே, சட்டத்தைச் சுற்றி ஒரு பீலி ஓடுகிறது. ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் போடுகிற அதே பீலிதான், அளவில் சின்னது. பீலியின் நாலு மூலையிலும் நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் சின்னவிரலிலும் மெலிந்த ஒரு றப்பர் ரியூப். முன் ரியூப் இரண்டும் முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள்ளால் இறங்கிக் கதவுப் பிணைச்சலுக்குக் கிட்ட வெளியே வரும். பின் ரியூப் இரண்டும் பின் தூணுக்குள்ளால் இறங்கிப் பின் பம்பருக்குள் முடியும்.

வன்னியில் பிறந்தவனுக்கு இதை விளக்கக் குளத்துக் கணக்கே போதும். தண்ணீர் வருவது குற்றமில்லை. தண்ணீர் திறந்துவிடுகிற மதகாகிய துருசு அடைபட்டு, மிகைத் தண்ணீர் வழிகிற வானும் பாய வழியில்லாமல் போனால் கட்டு உடைக்கும். சிலிக்கன் பசை அடித்தவர்கள் குளக்கட்டைப் பூசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், துருசைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடியைப் போகிற மட்டும் திறந்துவிட்டு, அரை லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் எடுத்து முன் மூலைகளில் மெல்ல ஊற்றினேன். அத்தான் கீழே குனிந்து பார்த்தார். இடது முன் மூலையில் ஊற்றியது அசையவே இல்லை. பீலியில் தேங்கி, விளிம்பைத் தொட்டு, கூரையின் உட்பக்கத்தை மூடியிருக்கிற லைனிங்குக்குள் இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். லைற்றுப் பெட்டித் துளியும் அக்காவின் கால்மாட்டு ஈரமும் இங்கிருந்துதான். வலது முன் மூலையில் ஊற்றியது மடமடவென்று இறங்கியது. நல்லது என்று நினைத்தால் அத்தான் கீழேயிருந்து, “தம்பி, இஞ்சால ஒரு சொட்டும் வரேல்லை” என்கிறார். போன தண்ணீர் எங்கே? ட்றைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் அங்கே காப்பெற் ஊறிக் கிடந்தது. மேலே றப்பர் மிதியடி கிடந்ததால் இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியவில்லை.

இந்தச் சோதனைக்குச் செலவு அரைப் போத்தல் தண்ணீர். 2025 மாசியில் இறக்குமதியை மீண்டும் திறந்த பிறகு வண்டிகள் கை மாறுவது கூடியிருக்கிறது. கூரையில் கண்ணாடி உள்ள வண்டியை யார் பார்க்கப் போனாலும் காசு எண்ணுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். நாலு மூலையிலும் ஊற்ற விடமாட்டேன் என்று சொந்தக்காரர் மறித்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இடது மூலையில் ரோச் அடித்துப் பார்த்தபோது ஓட்டையின் வாய் தெரியவில்லை. அடித்த சிலிக்கன் வழிந்து, சரியாக அந்த வாயிலேயே காய்ந்து மூடியிருந்தது. முந்திச் சொட்டினது இப்போது ஊற்றுவதற்கு இதுதான் காரணம். கத்தியால் சுரண்டினால் பெயின்ற் போகும், பிறகு அந்த இடம் கறள் கட்டும். மூங்கிலில் ஒரு தகடு சீவி, நுனியை நகம் மாதிரித் தட்டையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தேன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அந்த ஒரு மூலைதான் வேலை.

வாய் திறந்த பிறகு ரியூப்பைக் குத்தி எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கொம்பிறசர்க் காற்றைப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து பிடிக்காதீர்கள். அந்த ரியூப் மேலே ஒரு பிளாஸ்ரிக் முனையில் வெறுமனே செருகித்தான் இருக்கிறது. காற்றை ஒரேயடியாக விட்டால் அடைப்புப் போவதற்கு முன்னால் ரியூப் முனையிலிருந்து கழன்றுவிடும். அதன் பிறகு மேலே தண்ணீர் நன்றாக இறங்குவது போலத் தெரியும், இறங்குவதெல்லாம் வண்டிக்குள். சைக்கிள் பிறேக் கம்பியும் வேண்டாம், பிரிந்த நுனி ரியூப்பைக் கிழிக்கும். நான் பாவிப்பது புல் வெட்டுகிற மெஷினுக்குப் போடுகிற நைலோன் கயிறு, 2.4 மில்லிமீற்றர். நுனியை லைற்றரில் காட்டி உருக்கி, உருண்டையாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது வளைவுகளில் வழுக்கிப் போகும், எதையும் கிழிக்காது.

வலது பக்கம் அந்தக் கொம்பிறசர் வேலை நடந்திருக்கிறது என்பது தூண் மூடியைக் கழற்றியதும் வெளித்தது. கழற்ற முதல் பற்றறியின் நெகற்றிவ் வயரை எடுத்துவிட்டு 10 நிமிடம் சும்மா இருந்தேன். தூணுக்குள்ளே திரைபோல விரிகிற எயார்பாக் மடித்து வைத்திருக்கிறது. அவசரப்பட்டு அதற்குக் கிட்ட ஸ்குறூட்றைவரைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுகிற வேலை. மூடியை எடுத்தால், ரியூப் முனையிலிருந்து நாலு விரல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தூணின் உட்பக்கம் முழுக்கச் செம்மண் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. ரியூப்பின் வாய் இளகியிருந்ததால் அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகி, ஒரு சின்னக் கிளிப் போட்டேன்.

பின் மூலைகளுக்கு லைனிங்கின் பின்பாதியை இறக்க வேண்டும். கைபிடிகள், பின் தூண் மூடிகள், கதவு றப்பர் எல்லாம் கழற்றி, இரண்டு பேராகத் தாங்கி ஒரு சாண் அளவுக்குத்தான் இறக்கினோம். அதற்கு மேல் இறக்கினால் மடிப்பு விழும், விழுந்த மடிப்பு பிறகு போகாது. பழைய சாரம் சுற்றிய இரண்டு தடிகளை முட்டுக்கொடுத்துவிட்டு, மாட்டுக்கு மருந்து பருக்குகிற பெரிய சிரிஞ்சால் தண்ணீர் விட்டேன். வலது பின் ரியூப் சிணுங்கிச் சிணுங்கி ஓடியது. குத்தி எடுத்தபோது வேப்பம்பூவும் செம்புழுதியும் பழைய கிறீசும் சேர்ந்து புகையிலைத் துண்டு மாதிரி ஒரு கறுத்தக் கட்டி வந்து விழுந்தது. அத்தான் வண்டியை விடுவது வீட்டு முற்றத்து வேம்புக்குக் கீழேதான்.

இடது பின் ரியூப்தான் என்னை நிறுத்தியது. கயிறு ஒரு முழம் போய் முட்டி நின்றது, அதற்கு மேல் அசையாது. பம்பருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். ரியூப்பின் முடிவில் வாத்துச் சொண்டு மாதிரி ஒரு றப்பர் மூக்கு இருக்க வேண்டும். தண்ணீரை வெளியே விடும், பூச்சியையும் தூசியையும் உள்ளே விடாது. மற்ற மூன்றிலும் இருந்தது, இதில் கழன்று போயிருந்தது. வெறும் வாயாகக் கிடந்த ரியூப்புக்குள் குளவி மண் கொண்டுபோய்க் கூடு கட்டியிருக்கிறது. வெந்நீரை மேலேயிருந்து விட்டு ஊறவைத்து, கீழேயிருந்து கயிற்றால் கிண்டினேன். நனைந்த களிமண் முதலில் பால்தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது, பிறகு கட்டி கட்டியாக விழுந்தது, கடைசியில் காய்ந்த இரண்டு சிலந்திகளும் வந்தன. குளவி தன் குஞ்சுக்கு வைத்த சாப்பாடு. அதன் பிறகு சிரிஞ்சால் விட்ட தண்ணீர் ஒரே வீச்சில் கீழே வந்தது. றப்பர் மூக்குக்கு ஒரு பழைய வாகனத்தில் கழற்றி வைத்திருந்ததைப் பொருத்தினேன்.

காப்பெற் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன் சீற் இரண்டையும் கழற்றிக் காப்பெற்றை வெளியே எடுத்தோம். அடியில் இருந்த பஞ்சு, பிழியப் பிழியத் தண்ணீர். மழை விட்ட நேரம் பார்த்து வெயிலில் போட்டு, மிச்சத்துக்குக் காற்றாடி வைத்து, முழுக்கக் காய நாலு நாள் எடுத்தது. இடது சீற்றுக்குக் கீழே மஞ்சள் கனெக்ரர் ஒன்றில் பச்சை பூத்திருந்தது. டாஷில் எயார்பாக் லைற் எரிந்தபடி இருப்பதாக அத்தான் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. கொன்ராக்ற் கிளீனர் அடித்துத் துலக்கி மாட்டினேன். பிறகு ஸ்கானர் வைத்துப் பதிவாகியிருந்த பிழைக் குறியை அழித்ததும் அந்த லைற் திரும்ப எரியவில்லை. தண்ணீர் மேலேயிருந்து வந்தாலும் சேதம் நடப்பது காலடியில். மணம் வருகிறது என்று சென்ற் போத்தல் தூக்குவதற்கு முன்னால் காப்பெற்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது வருத்தம். கண்ணாடி பாதியில் நின்று திரும்பினால் மோட்டர் போய்விட்டது என்றுதான் எங்கும் சொல்வார்கள். மோட்டருக்குப் பிழையில்லை. பிள்ளைகளின் கையோ தலையோ அகப்பட்டால் நசுக்காமல் பின்வாங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வழியில் எங்கேயாவது இறுக்கம் வந்தால் அதைக் கையென்று நினைத்துத் திரும்புகிறது. எனவே தேட வேண்டியது இறுக்கத்தை.

இரண்டு பக்கத்து அலுமினிய றெயிலிலும் கிறீஸ் கறுத்து, மணலோடு சேர்ந்து சாந்து மாதிரி இறுகியிருந்தது. கிரவல் றோட்டுப் புழுதி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. யாரோ சில்லு பெயாரிங்குக்குப் போடுகிற கிறீசை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அது புழுதியைக் கூப்பிட்டுச் சேர்க்கும். அதோடு பெற்றோலிய எண்ணெய் பட்டால் இந்தக் கூரை றப்பர் ஊதி இளகிப்போகும். ஸ்பிரிற் நனைத்த துணியைத் தட்டையான குச்சியில் சுற்றி, துணி வெள்ளையாக வரும் வரைக்கும் துடைத்தேன். மண்ணெண்ணெயோ பெற்றோலோ கிட்டவும் கொண்டுபோகவில்லை.

துடைத்த பிறகுதான் உண்மையான இறுக்கம் தெரிந்தது. கண்ணாடியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கேபிள் தள்ளி இழுக்கிறது. கேபிளின் உடம்பில் புரி சுற்றியிருக்கும், மோட்டரின் சின்னப் பல்லுச்சில்லு அந்தப் புரியில் கடித்துத் தள்ளும். கேபிளின் நுனிப்பொறி றெயிலில் வழுக்கிப் போவதற்கு ஒரு பிளாஸ்ரிக் சப்பாத்து மாட்டியிருக்கிறது. நீளம் 22 மில்லிமீற்றர், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இடது பக்கத்துச் சப்பாத்தின் ஒரு காது உடைந்து, துண்டு றெயிலுக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பக்கம் பின்தங்க, வலது பக்கம் முந்த, கண்ணாடி கோணலாகி இறுகுகிறது.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தெரிந்த உதிரிப்பாகக் கடைக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். தனியாக இல்லை, முழுச் சட்டமாகத்தான் வரும், பாவித்தது 185,000 ரூபா என்றார்கள். நகம் அளவுத் துண்டுக்கு. இப்படி வடிவமைப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. தேயத்தான் போகிறது என்று தெரிந்த ஒரு துண்டை, தேயாத நூறு சாமானோடு சேர்த்து விற்பது சாமானியனின் மடியில் கை வைப்பதுதான். கொம்பனி எதுவானாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நல்ல நிலையில் இருந்த வலது சப்பாத்தைக் கழற்றி, வேணியர் அளவுகோலால் அளந்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாற்றி ஒரு கொப்பித் தாளில் கீறினேன். கிளிநொச்சியில் லேத் வைத்திருக்கிற அண்ணையிடம் வெள்ளை நைலோன் கட்டை இருந்தது. அவர் கட்டையாக வெட்டி நடுவில் பிளவும் போட்டுத் தந்தார். சாமானும் கூலியும் 1,500 ரூபா. காதையும் வளைவையும் நானே சின்ன அரத்தால் எடுத்தேன்.

முதல் துண்டு சரிவரவில்லை. மேசையில் வைத்துத் தள்ளினால் வழுக்குகிறது, வண்டியில் போட்டு ஓட்டினால் முக்கால் தூரத்தில் நின்று திரும்புகிறது. நைலோன் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் பருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பழைய துண்டின் அளவுக்கே இறுக்கமாகச் செய்திருந்தேன். இரண்டாவது துண்டை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்து, ஊறிய நிலையிலேயே றெயிலில் வைத்துப் பார்த்து, பக்கத்துக்கு 0.2 மில்லிமீற்றர் இடைவெளி வரும் வரைக்கும் அரத்தால் தேய்த்தேன். கடைசியில் வெறும் நகத்தால் தள்ளினாலே போனது. மாரிக்கும் கோடைக்கும் ஓடுகிற சாமானை மாரி அளவுக்குத்தான் செய்ய வேண்டும். அசிற்றல் என்கிற பிளாஸ்ரிக் கிடைத்தால் இன்னும் நல்லது, அது இந்த அளவுக்கு ஈரம் குடிக்காது. ஆனால் அன்றைக்கு லேத் அண்ணையிடம் இருந்தது நைலோன்தான்.

றெயிலுக்கு சிலிக்கன் கிறீஸ், மெல்லிய பூச்சாக. கேபிளுக்கும் அதுவே. றப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அதே கிறீசைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். முன்னால் எழும்புகிற காற்றுத்தடுப்பு வலையில் சொருகியிருந்த வேப்பிலைக் காம்புகளைப் பிடுங்கி எடுத்தோம்.

பற்றறி கழற்றியதால் கண்ணாடி தன் இடத்தை மறந்திருந்தது. சுவிச்சை ஒருதரம் தட்டினால் ஒரு அங்குலம் போய் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு வேலை பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இந்த வண்டியில், மூடுகிற பக்கம் சுவிச்சைத் தள்ளி விடாமல் பிடிக்க வேண்டும். 10 செக்கன் அளவில் கண்ணாடி மெல்ல அசைந்து நிற்கும். கையை எடுத்துவிட்டு உடனேயே திரும்பப் பிடித்தால், தன்பாட்டில் முழுக்கத் திறந்து முழுக்க மூடும். அது முடியும் வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. மற்ற வண்டிகளில் முறை கொஞ்சம் மாறும், அதை அந்தந்தக் கைநூலில் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றபோது அத்தான் ஒன்றும் பேசவில்லை. ஓடுகிற கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தி, “தம்பி, இது என்ன?” என்றார்.

கறுப்புக் கரைக்குக் கிட்ட, குண்டூசித் தலை அளவில் ஒரு கல்லடி. பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் கிரவல் ஏற்றிய ரிப்பருக்குப் பின்னால் போனபோது ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாம். கண்ணாடி மூலையில் அச்சடித்திருந்ததைப் பார்த்தேன், ரெம்பர்ட் கண்ணாடி. முன்கண்ணாடி மாதிரி இரண்டு தகடு ஒட்டிய லாமினேற்றட் இல்லை. ரெம்பர்ட் கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, காற்றடித்துச் சட்டென்று ஆறவிடுகிறார்கள். வெளித்தோல் அமுங்கியும் உட்பகுதி இழுபட்டும் நிற்கும். அதனால்தான் அவ்வளவு வலிமை. அதனால்தான், அந்தத் தோலைக் கடந்து ஒரு வெடிப்பு உள்ளே போய்விட்டால், முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் சோளப்பொரி மாதிரிச் சிதறுவதும். முன்கண்ணாடிக் கல்லடிக்கு மருந்து விட்டு அடைப்பது போல இதை அடைக்க முடியாது.

கல்லே படாமல் வெடித்தவையும் உண்டு. கண்ணாடிக்குள் அகப்பட்ட நிக்கல் சல்பைட் துணிக்கை வருடக்கணக்கில் மெல்லப் பருத்து வெடிக்க வைப்பது கட்டடக் கண்ணாடிகளில் நன்றாகத் தெரிந்த சங்கதி. 2012இல் அமெரிக்காவில் 13,000க்கு மேற்பட்ட ஹியூண்டாய் வெலோஸ்ரர் கார்களைத் திருப்பி அழைத்தார்கள். தொழிற்சாலையில் பொருத்தும்போது பனோரமிக் கண்ணாடி பலவீனப்பட்டிருக்கலாம், ஓடும்போது உடையலாம் என்பதுதான் காரணம்.

அத்தானுக்கு ஒளிக்காமல் சொன்னேன். இந்தக் கண்ணாடி பத்து வருடமும் நிற்கலாம், நாளைக்கும் போகலாம். மாற்றக் காசு சேரும் வரைக்கும் உள்ளே இருக்கிற துணித்திரையை எந்நேரமும் மூடியே வைத்து ஓடுங்கோ, பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். வெயிலில் கொதித்து நிற்கிற கூரைக்குக் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு ஊற்றாதீங்கோ. அக்கா முகம் வாடிப் போனா. கலியாணக்காரர் கேட்பதே அந்தத் திறந்த கூரையைத்தானே. ஆனாலும் அன்றைக்கே திரையை மூடிவிட்டுத்தான் ஏறினா.

ஏழாம் நாள் பின்னேரம் நல்ல மழை. வண்டியை வெளியே விட்டுவிட்டு நானும் அத்தானும் குடையோடு சுற்றி வந்தோம். இரண்டு முன் கதவுப் பிணைச்சலுக்குக் கீழேயும், பின் பம்பரின் இரண்டு பக்கத்திலும் தண்ணீர் நூலாக இறங்கியது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக. உள்ளே காப்பெற்றின் கீழ் வைத்த பழைய பேப்பர் காய்ந்தபடியே இருந்தது.

வேம்புக்குக் கீழே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்க நிற்கிறபோதும் மர நிழலைத் தேடாமல் கொஞ்சம் தள்ளி விடுகிறாராம். மாதத்துக்கு ஒருதரம் அரைப் போத்தல் தண்ணீர், நாலு மூலைக்கும் அக்காதான் ஊற்றிப் பார்க்கிறா. இரண்டாவது நைலோன் துண்டு செய்த கையோடு வலது பக்கத்துக்கும் ஒன்று செய்து, சீலையில் சுற்றி டாஷ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது இடது பக்கக் காற்றுத்தடுப்பில் இன்னும் ஒரு விசில் கேட்கிறது என்கிறார். அதன் சுருள்வில் தளர்ந்திருக்க வேண்டும். பொங்கல் ஹயர் முடிந்து வரும்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.